தவக்காலமும் பள்ளிச் சிறாரும்

உண்டி சுருக்கி உள்ளத்தை ஒருமைப்படுத்தும் நோன்பு எச்சமயத்தார்க்கும் பொதுவானதோர் ஒழுக்கமாகும். வைணவர் ஏகாதசியும், முருகன் அடியார் கந்த சஷ்டியும், இசுலாமியர் ரமலானும் நோற்றல் யாவரும் அறிந்ததே. கத்தோலிக்கக் கிறித்தவர் ஆண்டுதோறும் நோற்கும் நாற்பது நாள் நோன்பு தவக்காலம் எனப்படும். முதியோர் அதனை நோற்குமாறு பலரும் அறிந்தது. பள்ளிச் சிறார், அதிலும் பல சமயத்து மக்களும் ஒருங்கிருந்து பயிலும் உயர்நிலைப்பள்ளியின் சிறார், அதனை எவ்வாறு நோற்கின்றனர், எவ்வாறு நோற்றல் தகும் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தென்பாண்டிக் கடற்கரை ஊர் ஒன்றிலுள்ள அத்தகைய பள்ளியில் யாம் ஐந்தாண்டு பயின்றோமாதலின், கேட்டதினும் கண்டதே இக்கட்டுரையில் மிகுதியும் கூறப்படும். கண்டவற்றுள் எம் பிழையொன்றும் அடங்கும். அதனை மறையாது உரைத்தலே தவக்காலத்தைப் பற்றி எழுதப் புகுந்தார்க்கு முறையென எண்ணுகின்றோம்.

பெயரும் காலமும்

இக்காலத்திற்கு வழங்கும் பெயர்கள் பல. இலத்தீன் மொழியில் இதனைக் 'குவாத்ரஜேசிமா' என்பர்; 'நாற்பதாவது' என்பது பொருள். ஆங்கிலேயர் வழங்கும் 'லெந்து' என்னுஞ் சொல், இளவேனிற் பருவத்தைக் குறித்த பழஞ்சொல் ஒன்றினின்று வந்தது. சீர்திருத்தச் சபையார் அச்சொல்லையே எடுத்துக்கொண்டு 'லெந்து நாட்கள்' என வழங்குவர். கத்தோலிக்கரோ பண்டு 'தபசு காலம்' என்றனர். இந்நாளில் 'தவக்காலம்' என்கின்றனர். ஆகவே ஒன்று எண்ணாற் பெற்ற பெயர்; ஒன்று பருவத்தாற் பெற்ற பெயர்; தமிழ்ப்பெயர் செய்யுஞ் செயலாற் பெற்ற பெயர். மேலைநாட்டில் அது பனி நீங்கித் தளிர் தோன்றுங் காலம். நம் நாட்டில் கிணற்றுநீர் கீழிறங்கும் மாசியும் பங்குனியுமாம். ஆதலின் நமக்குத் தமிழ்ப்பெயரே சாலப் பொருந்துவதாகும்.

இனி, நாட்கணக்கு ஆமாறு கூறுவாம். மார்ச்சு 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவினை அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா ஆகும். அதற்கு முன் 46-ஆம் நாளாகிய புதன்கிழமையன்று தவக்காலம் தொடங்குகின்றது. இடையே வரும் 6 ஞாயிறுகளும் ஆண்டவர் உயிர்த்த நாளின் நினைவாதலின் நோன்பு நாட்கள் ஆகா. அவற்றைக் கழிக்க எஞ்சுவன 40. மோயீசன் சீனாய் மலையில் இருந்த நாட்களும், இயேசுபெருமான் பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களும் நாற்பதே என விவிலியம் கூறுகின்றது. 325-ஆம் ஆண்டில் கூடிய நீசேயாப் பொதுச்சங்கத்தின் விதியொன்றில் இந்நாற்பது நாள் குறிக்கப்பட்டிருத்தலின், இவ்வழக்கு மிகப் பழைமையுடையதென்பது தெளிவு.

உயிர்ப்புப் பெருவிழா மார்ச்சு 22-க்கு முன்னர் வாராது. ஆதலின் தவக்காலத்தின் தொடக்க நாளும் பெப்ருவரி 4-க்கு முன்னர் வாராது. அவ்வாறு முந்தி வருவது மிக அரிது. 1818-க்குப் பின் இன்றுகாறும் வந்திலது. இனி 2285-இலேதான் வரும். அத்தகைய அரிய ஆண்டுகளுள் ஒன்று 1693. அவ்வாண்டு பெப்ருவரி 4-ஆம் நாள், தவக்காலத்தின் முதற் புதனன்று, மறவர் நாட்டு ஓரியூரில் அருளானந்தர் என்னும் தமிழ்ப்பெயர் பூண்ட போர்த்துக்கீசியத் துறவி தலை வெட்டுண்டு உயிர் துறந்தார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மண்ணாயிருக்கின்றாய் என்று நெற்றியிற் சாம்பலிட்டு உணர்த்தும் நாளிலேயே அவர் குருதி இந்நாட்டு மண்ணிற் கலந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்க்கு இந்நாள் ஏனையோர்க்கு இல்லாததொரு நினைவையும் உடன் கொணர்கின்றது.

'தவம்' என்னுஞ் சொல் கிறித்தவத் தமிழில் வேரூன்றியதும் நூலால் மட்டும் அன்று, வாழ்வாலுமாம். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ஊனும் மதுவும் நீக்கி, மரக்கறி உணவினைச் சிறிதே உண்டு, இந்நாட்டுத் துறவியர் போல வாழ்ந்தார். நோன்பு என்றால் என்னவென்று தமிழர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர் முன்னரே அறிந்ததனைத் தாமும் செய்து காட்டினால் அமையும் என்பது அவர் வாழ்விற் புலனாகின்றது.

சாம்பற் புதன்

தவக்காலத்தின் முதனாள் இந்நாளில் சாம்பற் புதன் அல்லது திருநீற்றுப் புதன் எனப்படும். எம் பாட்டியார் முதலியோர் 'விபூதிப் புதன்' என்றே கூறுவர். சைவர்க்கு உரிய சொல்லென்று கருதி ஒதுக்காது, நிலையாமையை உணர்த்தும் சொல்லென்று கருதி முன்னோர் அதனை மேற்கொண்டமை நினையத்தக்கது.

இச்சாம்பல் முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது. நம் ஊர்களில் குருத்து ஞாயிறன்று தென்னங்குருத்தே ஏந்துவர். அதனைச் சிலுவையாக முடைந்து வீட்டு நிலைப்படியின் மேலும், திருவுருவப் படங்களின் பின்னும் செருகி வைப்பர். ஓராண்டு கழிந்து, பசுமை நீங்கிச் சருகாகிய அவ்வோலைகளை மாணாக்கர் பள்ளிக்குக் கொணர்வது வழக்கம். செவ்வாய்க்கிழமை மாலை மைதானத்தின் ஓரத்தில் தகரப்பெட்டியொன்றில் அவற்றை இட்டு எரிப்போம். பெரிய மூட்டை எரிந்து ஒரு கையளவே எஞ்சும். அதனை மெல்லிய துணியிற் சலித்து எடுப்பது ஒன்பதாம் வகுப்பினர் கடமை. ஆரவாரித்து ஏந்திச் சென்ற ஓலைகள் இவ்வளவேயாயின என்பதனைத் தம் விரலாலேயே சிறார் அறிந்து கொள்வதினும் சிறந்த மறையுரை வேறில்லை.

மறுநாட் காலைத் திருப்பலியில் குரு அச்சாம்பலை நெற்றியிற் சிலுவையாக இடுவார். மனிதன் மண்ணினின்று வந்து மண்ணுக்கே திரும்புவன் என்பதனையேனும், மனந்திரும்பி நற்செய்தியை நம்புக என்பதனையேனும் கூறி இடுவது முறை. இஃது அருட்சாதனம் அன்று. ஆதலின் விரும்பிய எவரும் பெறலாம். எனினும் எவரையும் வற்புறுத்தல் ஆகாது. அரசின் உதவியோ ஒப்புதலோ பெற்ற பள்ளியில் எம்மாணாக்கரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவர் இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் இசைவின்றி, ஈடுபடுத்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. எம் வகுப்பிற் செம்பாதியினர் பிற சமயத்தினர். அவருட் சிலர் தாமே விரும்பி வருவர், சிலர் வாரார். வாராதார் அவ்வேளையில் நூல்நிலையத்தில் இருந்து படிப்பர். நாள்தோறும் நீறணிந்து வரும் சைவ நண்பர் ஒருவர், "இன்று ஒருநாள் நீங்களும் எங்களைப் போல் இருக்கின்றீர்கள்" என்று நகைத்துக் கூறியது நினைவிற்கு வருகின்றது.

இனி, அன்றைத் திருப்பலியிற் படிக்கும் நற்செய்தியை உற்று நோக்குக. நோன்பிருப்போர் முகவாட்டம் காட்டாது, முகங் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, பிறர் அறியாவண்ணம் நோற்றல் வேண்டும் எனவும், ஈகின்ற வலக்கை செய்வதனை இடக்கை அறியலாகாது எனவும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசுபெருமான் கட்டளையிடுகின்றார். நெற்றியில் யாவரும் காணச் சாம்பலிடும் நாளிலேயே, யாரும் காணாது நோற்க என்னும் கட்டளை படிக்கப்படுகின்றது! இவ்விரண்டும் தம்முள் முரண்படுவன போலத் தோன்றும். சாம்பல், நாம் யாவரும் குறையுடையோம் என்று வெளிப்பட அறிக்கையிடுவது. அதனை மறைத்தல் வேண்டா. நோன்பும் ஈகையும் நம் நிறைவை உலகிற்குக் காட்டுவன ஆகிவிடக் கூடும். அவற்றை மறைத்தல் வேண்டும். குறையை வெளிப்படுத்துக, நிறையை மறைத்திடுக என்பதே கருத்தாகும். பள்ளியிலே இவ்விரண்டும் எளிதில் தலைகீழாகிவிடும் என்பதனைப் பின்னர்க் காட்டுவாம்.

விதியும் விலக்கும்

நோன்பின் விதிகளைக் குறிக்கும் பழஞ்சொற்கள் இரண்டு. ஒருசந்தி என்பது நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் நிறைய உண்டல்; ஏனைய இரு வேளையும் சிறிது உண்ணலாம்; நீர் பருகலாம். சுத்தபோசனம் என்பது இறைச்சி நீக்கி உண்டல். முற்காலத்தில் இவ்விதிகள் மிகக் கடுமையாயிருந்தன. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஞாயிறு ஒழிந்த தவக்கால நாள் எல்லாம் ஒருசந்தி நாட்களே. 1966-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இவ்விதிகளைத் தளர்த்தினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, சாம்பற் புதன், பெரிய வெள்ளி ஆகிய 2 நாட்களே ஒருசந்தி நாட்கள்.

இனி, இவ்விதி யாரைக் கட்டுப்படுத்தும்? 14 வயது நிறைந்தோரைச் சுத்தபோசனமும், 18 வயது நிறைந்தோரை ஒருசந்தியும் கட்டுப்படுத்தும். அவ்வாறாயின், ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரையுள்ள உயர்நிலைப்பள்ளியில், ஒருசந்திக்குக் கட்டுப்பட்ட மாணாக்கர் ஒருவரேனும் இலர்! சுத்தபோசனத்திற்குக் கட்டுப்பட்டோரும் மேல்வகுப்பினருட் சிலரேயாவர். ஆசிரியர்க்கே நோன்பு, மாணாக்கர்க்கு இல்லை. இதனை அறியாமல் யாமும் எம் தோழரும் ஒருவரையொருவர் "நீ நோன்பை முறித்தாய்" என்று குற்றஞ்சாட்டிக் கொண்டிருந்தோம்.

விதி இவ்வாறு விலக்களித்தற்குத் தக்க காரணம் உண்டு. வளரும் உடலுக்கு உணவு வேண்டும். அன்றியும், எம் பள்ளியிற் பயின்றோருள் மதியம் தரும் சத்துணவே அன்றைய முதல் உணவாக உண்டோரை யாம் அறிவோம். காலையில் உப்பளத்திற்குச் செல்லும் தாய், கதிரோன் எழுமுன் வீட்டை விட்டுச் சென்றிருப்பாள். மகன் வெறுவயிற்றோடு வந்திருப்பான். அத்தகையானை நோக்கி நோன்பிரு என்னல் அறமாகுமோ? பசி என்பது சிலர்க்குத் தேர்ந்துகொள்ளும் தவம். சிலர்க்குத் தேராமலே வந்த துன்பம். இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குதல் பெரும் பிழையாம்.

சுத்தபோசனத்திலும் ஒரு நுட்பம் உண்டு. விதி விலக்குவது இறைச்சியையே. மீனும் முட்டையும் விலக்கப்படவில்லை. உள்நாட்டார்க்கு அது பொருந்தலாம். கடற்கரையில் வாழ்வோர் வெள்ளிக்கிழமையன்று ஆட்டிறைச்சியை விடுத்து வஞ்சிர மீன் உண்டு, தவம் செய்தோம் என்பரேல், மீன் பிடித்து வந்தோரே நகைப்பர். விதியின் எழுத்து நிறைவேறும், பொருள் நிறைவேறாது.

அங்ஙனமாயின் சிறார்க்குத் தவக்காலம் இல்லையோ எனின், உண்டு. அதே சட்டத்தின் 1252-ஆம் விதி, வயது நிரம்பாமையின் நோன்பிற்குக் கட்டுப்படாத சிறாரும் தவத்தின் மெய்ப்பொருளை அறிந்து வளருமாறு குருக்களும் பெற்றோரும் பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்று முடிகின்றது. ஆகவே பள்ளியின் கடமை பட்டினி கிடக்கச் செய்தல் அன்று, பொருள் கற்பித்தலேயாம்.

பள்ளியில் நிகழ்பவை

அப்பொருளைக் கற்பித்தற்கென்று பள்ளியில் நிகழ்வன பல. பீடத்தில் மலர் வையார். ஊதாத் துணி விரிப்பர். 'அல்லேலூயா' என்னும் மகிழ்ச்சிச் சொல் உயிர்ப்பு விழா வரை வழிபாட்டில் ஒலியாது. ஒரு நாள் தியானம் நடைபெறும். பின்னர்ப் பங்குக் குருவும் அயலூர்க் குருக்களும் வந்து பாவ சங்கீர்த்தனம் கேட்பர். இதன் தொடர்பாகத் தமிழ் மாணவர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக்கு அடிகளார், 1580-இல் கொச்சியில் அச்சிட்டது பாவ சங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூலாகும். தமிழ் அச்செழுத்துத் தோன்றிய சில ஆண்டிலேயே, தமிழன் தன் பிழையைத் தன் மொழியில் எடுத்துரைத்தற்கு அது துணை செய்தது.

வெள்ளிதோறும் மாலையிற் சிலுவைப்பாதை நிகழும். இயேசுபெருமான் தீர்ப்பிடப்பட்டது முதல் அடக்கஞ் செய்யப்பட்டது வரை 14 நிலைகளில் நின்று சிந்தித்தலே இது. எருசலேமிற்குச் சென்று அப்பாதையில் நடக்க இயலாதார்க்கென்று பிரான்சிஸ்கு சபைத் துறவியர் இதனைப் பரப்பினர். 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து நிலைகளை 14 என வரையறுத்தார். எம் பள்ளியில் வேம்பும் பூவரசும் நிற்கும் மைதானத்தைச் சுற்றி மரத்துக்கொரு படம் கட்டுவர். மாணாக்கர் முறைவைத்துச் சிலுவை சுமப்பர். பனைமரத்தாற் செய்த அச்சிலுவை சிறார் தோளுக்குச் சிறிது மிகையான பாரமே. ஐந்தாம் நிலையில், சீரேனே ஊர்ச் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்குமாறு வற்புறுத்தப்பட்டமை படிக்கப்படும். அந்நிலையிற் பெரும்பாலும் பிற சமயத்து மாணாக்கர் எவரேனும் தாமே முன்வந்து தோள் கொடுப்பர். சீமோனைப் போல அவரை ஒருவரும் வற்புறுத்தினாரல்லர். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளி மூடப்பட, மூன்றாம் வெள்ளியோடு சிலுவைப்பாதை நின்றுபோயிற்று. எஞ்சிய வெள்ளிகளில் அவரவர் வீட்டு முற்றமே மைதானமாயிற்று.

தருமம் சேர்த்தல் மற்றொன்று. தின்பண்டத்திற்குப் பெற்ற காசினை மிச்சப்படுத்தி ஏழையர்க்கென்று உண்டியலில் இடுவர். 1962-இல் நிறுவப்பெற்ற காரித்தாஸ் இந்தியா என்னும் அமைப்பும் ஆண்டுதோறும் தவக்காலத்திற் பசிக்கும் நோய்க்கும் எதிராகப் பொருள் திரட்டுகின்றது. செபம், நோன்பு, தருமம் என்னும் மூன்றனுள் சிறார்க்கு ஏற்றது தருமமே என்பர். யாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் அதனுள் ஓர் இடறுகல் இருத்தலை அறிந்திலோம்.

எம் பிழை

2022-ஆம் ஆண்டு யாம் ஒன்பதாம் வகுப்பில் மாணவர் தலைவராயிருந்தோம். திங்கட்கிழமைதோறும் உண்டியற் காசினைப் பெற்று, பெயருக்கு நேரே தொகையை எழுதி, வகுப்பின் முன்னிலையிற் படித்தல் எம் கடமை. அது பள்ளியின் ஆணையன்று; ஊக்கம் மிகும் என்று கருதி யாமே மேற்கொண்டது. முதல் திங்களன்று பெயர்களைப் படித்து வந்தோம். உப்பளத் தொழிலாளி ஒருத்தியின் மகனாகிய தோழன் பெயர் வந்தது. "ஒன்றுமில்லை" என்று உரக்கப் படித்து அடுத்த பெயருக்குச் சென்றோம். அவ்வளவே. யாரும் நகைத்திலர், யாமும் தீதெதுவும் நினைத்திலோம்.

அடுத்த திங்களன்று அவன் வந்திலன். செவ்வாயன்று வந்து, காய்ச்சல் என்றான். அதற்கடுத்த திங்களும் அவ்வாறே. எம் தமிழாசிரியர் வருகைப் பதிவேட்டை எம்முன் விரித்து வைத்து, "திங்கட்கிழமை மட்டும் வரும் காய்ச்சல் எந்த மருத்துவ நூலில் இருக்கிறது, தம்பி?" என்று வினவினார். யாம் விடை கூறவில்லை. சிறிது நேரங்கழித்து, "அந்தக் காய்ச்சலை அவனுக்குக் கொடுத்தது யார்?" என்றார். அப்பொழுதுதான் உணர்ந்தோம். இடக்கை அறியலாகாது என்ற ஈகையை நாற்பது பேர் அறியப் படித்தோம். நம் குறையை நெற்றியில் எழுதிக்கொள்ள வேண்டிய காலத்தில், பிறன் வறுமையை நாவால் எழுதினோம்.

ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். நான்காம் திங்களன்று வகுப்பின் மூலையில் மண்பானை ஒன்று இருந்தது. கை நுழையுமளவு துளையிட்ட துணியால் அதன் வாய் கட்டப்பட்டிருந்தது. அடியில் இரண்டு படி அரிசி இட்டிருந்தார். காசு விழும் ஓசை கேளாதிருத்தற்கென்று அவ்வாறு செய்தார். விதி ஒன்றே: உள்ளே வருவோர் யாவரும், தாம் உட்பட, மூடிய கையை அப்பானைக்குள் விட்டு, விரித்து எடுத்தல் வேண்டும். காசுடையார் காசிடலாம், வீட்டினின்று பிடியரிசி கொணர்ந்தோர் அரிசியிடலாம், ஒன்றுமில்லாதாரும் மூடிய கையோடு வந்து விரித்த கையோடு போகலாம். இட்டவர் யார், இடாதவர் யார் என்பதனை இறைவன் ஒருவனே அறிவான். பெயரேடு கிழிக்கப்பட்டது; கிழித்தவர் யாமே.

அத்திங்களன்று அத்தோழன் வந்தான். ஏனையோரைப் போலவே பானைக்குள் கை விட்டான். அவன் கையில் ஏதேனும் இருந்ததோ, இல்லையோ, இன்றும் யாம் அறியோம். அறியாதிருத்தலே அப்பானையின் பயன். பெரிய வாரத்துத் திங்களன்று பானையைக் கவிழ்த்தபோது, இரண்டு படி அரிசி ஐந்து படிக்கு மேலாயிருந்தது. நாணயங்களும் தாள்களும் அதனுட் புதைந்து கிடந்தன. முதியோர் இல்லம் ஒன்றிற்கு அவ்வரிசியும் காசும் சென்றன. தொகை எவ்வளவென்று எவரும் படித்திலர்.

நண்பர் ஒருவர் கற்பித்தது

மறு ஆண்டு, 2023-இல், யாம் பத்தாம் வகுப்பு. அவ்வாண்டு தவக்காலத்தின் இறுதி இருவாரமும் ரமலானும் ஒருங்கே வந்தன. மார்ச்சு 24-இல் நம் நாட்டில் ரமலான் நோன்பு தொடங்கிற்று. விதி எம்மைக் கட்டுப்படுத்தாவிடினும், வெள்ளிதோறும் நண்பகலுணவை விடுவதென்று யாமே உறுதி பூண்டோம். முதல் வெள்ளியன்று மாலையில் தலை நொந்தது. வீட்டிற்குச் சென்று, தம்பி எம் புத்தகத்தைத் தொட்டான் என்று உரத்துக் கத்தினோம். அன்னையார், "சோற்றை விட்டாய், கோபத்தை விடவில்லையே. இன்னும் இரண்டு கவளம் உண்டு, அவனை விட்டிருக்கலாம்" என்றார்.

எம் அருகே அமர்ந்து பயின்றவர் இசுலாமிய நண்பர். அவர் விடியுமுன் உண்டு, ஞாயிறு மறையும் வரை நீரும் பருகாது நோற்றார். பங்குனி வெயிலில், மாலைச் சிறப்பு வகுப்பு முடியுங்காறும் இருந்து, கணக்கில் பின்தங்கிய மற்றொரு தோழனுக்குச் சொல்லிக் கொடுத்தார். நோன்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். யாம் நீர்க்குப்பியை நீட்டியபோதுதான் கையசைத்துப் புன்னகை செய்தார். முகங் கழுவி நோற்றல் இன்னதென்பதனை, அந்நற்செய்தியைப் பத்தாண்டு கேட்டிருந்த யாம், அவரிடத்தே கண்டோம். அரசுப் பொதுத்தேர்வு ஏப்ரல் 6-ஆம் நாள் தமிழ்த் தாளோடு தொடங்கிற்று. அன்று எமக்குப் பெரிய வியாழன். காலையில் ஒரே அறையில் இருவரும் தேர்வெழுதினோம். மாலையில் அவர் நோன்பு துறக்கச் சென்றார். யாம் பாதங் கழுவும் சடங்கிற்குச் சென்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? திருவள்ளுவர் ஈகையைக் கூறும் அதிகாரத்தில், தம் பசியைப் பொறுத்தலாகிய தவத்தோரின் வலிமையினும் பிறர் பசியை மாற்றுவார் வலிமையே பெரிதென்று முறைப்படுத்தி வைத்தார். எசாயா தீர்க்கதரிசியும் தம் நூலின் 58-ஆம் அதிகாரத்தில், இறைவன் விரும்பும் நோன்பு தலை குனிந்து சாம்பலில் அமர்தல் அன்று, பசித்தோர்க்கு உணவைப் பகிர்ந்தளித்தலே என்றார். இருவர் மொழியும் வேறு, நாடும் வேறு, பொருள் ஒன்றே. நோன்பிற்குக் கட்டுப்படாத பள்ளிச் சிறார், நோன்பினும் பெரிதாகிய ஒன்றிற்குக் கட்டுப்பட்டவராவர்.

ஆயினும் அனுபவத்தாற் பெற்ற ஒன்றினை இவ்விருவர் கருத்தோடு சேர்த்துக் கூற விரும்புகின்றோம். பிறர் பசியை மாற்றுமிடத்து, அவர்தம் நாணத்தையும் காத்தல் வேண்டும். பசித்தோனுக்கு உணவளித்து அவன் முகத்தை வாடச் செய்தல், ஒரு புண்ணை ஆற்றி மற்றொரு புண்ணை உண்டாக்குதலேயாம். பள்ளி என்பது யாவரும் யாவரையும் காணும் இடம். அங்கே மதிப்பெண்ணும் படிக்கப்படும்; கட்டணப் பாக்கியும் படிக்கப்படும். ஆண்டில் நாற்பது நாளேனும் படிக்கப்படாதது ஒன்று இருத்தல் நன்று.

மாணவ அன்பர்காள்! இம்மலர் நும் கைக்கு வருங்கால், நம்மிற் பலர் ஆசிரியப் பணி மேற்கொள்ளும் நோக்குடையோர் என்பதனை நினைமின். நாளை ஒரு வகுப்பின் முன்னர் நிற்கும்போது, உண்டியலேனும் கட்டணமேனும் நன்கொடையேனும் எதுவாயினும், பெயரேட்டை எடுத்து உரக்கப் படிக்கும் முன், மூலையில் ஒரு பானையை வைத்து, அடியில் இரண்டு படி அரிசி இடுமின்.